வால்வு ஆபரேஷனுக்கு முன் ஒரு ஸ்லைடு

பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ ஒருவர் மதுரைக்கு இதய அறுவைக்குப் போகிறார் என்றால் வீட்டில் ஆயிரம் ஏற்பாடு நடக்கும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், எக்கோ அறிக்கை, ஆஞ்சியோ சிடி, ரத்தம் கொடுக்க நான்கு பையன்கள், மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க ஓர் அறை. இவ்வளவிலும் விட்டுப்போவது ஒரு சிறிய தகவல்: சில மாதங்களுக்கு முன் இவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, ஸ்லைடு எடுத்து (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து) மலேரியா என்றார்கள், நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். அங்கே யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. நெஞ்சைத் திறக்கப்போகிற இடத்தில் பழைய காய்ச்சலைப் பற்றி என்ன பேச்சு என்றுதான் தோன்றும்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடலாம். ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருப்பது தெரிந்தால், நாள் குறித்துச் செய்யும் இதய அறுவையைத் தள்ளிவைப்பார்கள். முழு மருந்து கொடுத்து, ரத்தம் தேறிய பிறகே கத்தியை எடுப்பார்கள். உயிர் போகும் அவசரம் என்றால் மலேரியா ஊசியை ஏற்றிக்கொண்டே அறுவை நடக்கும். இந்த இரண்டு நிலைமைக்கும் மருத்துவத்தில் வழி இருக்கிறது. அஞ்ச வேண்டியது மூன்றாவதற்கு: ஒட்டுண்ணி உள்ளே இருப்பது நோயாளிக்கும் தெரியாமல், மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தெரியாமல் மேசையில் ஏறிவிடுவது.

இதய அறுவை என்றதும் அறுபது வயது, சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைத்துவிடுகிறோம். அந்த பைபாஸ் அறுவைகள் நிறைய நடக்கின்றன. ஆனால் நெருக்கமான கடலோரக் குடியிருப்புகளில் இருபது, முப்பது வயதுக்காரர்களின் நெஞ்சைத் திறக்கவைக்கும் நோய் ஒன்றும் உண்டு: ருமாட்டிக் இதய நோய். சிறு வயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது, சில வாரங்களில் மூட்டு வீங்கி வலிக்கிறது, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் தாக்கிவிட்டிருக்கும். பல ஆண்டுகள் கழித்து, இடது பக்கத்து மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்கும். கர்ப்பமான பிறகே நோய் தெரியவரும் பெண்கள் ஏராளம். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு வரும் குழந்தைகளும் இந்த வரிசையில் இருக்கிறார்கள்.

மலேரியாவின் கதை வேறு. தமிழ்நாட்டில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2030-க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று இந்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஆனாலும் இராமேசுவரம் தீவும் அதை ஒட்டிய கரையும் பூச்சியியல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கண்வைத்திருக்கும் பகுதி. வறண்ட மாவட்டத்தில் கொசுவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வறட்சிதான் அதற்கு வாழ்வு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி, டிரம், மாடியில் சரியாக மூடாத டேங்க், பின்கட்டில் கிணறு. அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. சவுக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் தண்ணீர் மொள்ள மணலில் வெட்டும் குழிகள் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற இன்னொரு கொசுவுக்கு வாகானவை. தீவில் இரண்டுக்கும் இடமுண்டு.

எதிர்க்கரையைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஸ்டீபன்சி கொசு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தண்ணீர்தான் நடுவில். அந்த நாட்டுக்குப் பழைய சூடும் உண்டு: 1963-இல் ஆண்டு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற அளவுக்குக் குறைத்துவிட்டுக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது.

நம் கரைக்கு ஒட்டுண்ணியைக் கொண்டுவருபவர்கள் மனிதர்கள். ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் நீராட நாடு முழுவதிலுமிருந்து வருபவர்களில் மலேரியா உள்ள மாநிலத்தவரும் இருப்பார்கள். இன்னொரு வழி நம்மவர்களே. இந்தக் கடற்கரையிலிருந்து மங்களூரு, மால்பே பக்கம் ஆழ்கடல் படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. மங்களூரு நெடுங்காலம் மலேரியாவுக்குப் பேர்போனதாக இருந்த நகரம், அங்கே மழைக்காலத்தில்தான் அது ஏறும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மழை தொடங்கும் நேரத்தில்தான் ஆட்கள் ஊர் திரும்புகிறார்கள். கையில் சம்பளப் பணம் இருக்கிறது, வேலை இல்லாத நாட்கள் இருக்கின்றன. தள்ளிப்போட்டு வந்த ஆபரேஷனுக்கு நாள் பார்க்கத் தோதான நேரமும் அதுதான். இந்த ஒத்துப்போதலை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை என்பதால்தான் யாரும் கவனிப்பதும் இல்லை.

இயந்திரமும் ஒட்டுண்ணியும்

1953 மே 6 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு மூடினார். அந்த இயந்திரத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இதயத்தை நிறுத்திவைத்து, உடலின் ரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே தள்ளுவது. எத்தனையோ லட்சம் உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. அதற்கு ரத்தம் ஒரு விலை கொடுக்கிறது.

குழாய்களை நிரப்ப ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை திரவம் தேவைப்படுவதால் நோயாளியின் ரத்தம் நீர்த்துப்போகிறது. பம்பின் உராய்வில் சிவப்பணுக்களில் ஒரு பகுதி உடைகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) செயற்கைப் பரப்பில் ஒட்டிச் செயலிழக்கின்றன. குழாயில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஹெப்பாரினை அதிக அளவில் கொடுக்கிறார்கள். தன்னுடையதல்லாத பரப்பைத் தொட்ட ரத்தம் உடல் முழுவதும் ஓர் அழற்சியைக் கிளப்புகிறது; சிறுநீரகமும் நுரையீரலும் அதில் அடிவாங்குகின்றன. நல்ல உடல்நிலையில் இருப்பவர் இதையெல்லாம் ஓரிரு நாட்களில் தாங்கி எழுந்துவிடுவார்.

இப்போது மலேரியாவைப் பாருங்கள். சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒட்டுண்ணி புகாத சிவப்பணுக்களையும் மண்ணீரல் சேர்த்து அழிக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு பல நோயாளிகளுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். கடுமையான நிலையில் சிறுநீரகம் முடங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், சர்க்கரை இறங்கும். இயந்திரம் எந்தக் கணக்கிலிருந்து செலவு செய்கிறதோ அதே கணக்கிலிருந்து ஒட்டுண்ணி ஏற்கெனவே எடுத்துத் தீர்த்திருக்கும். திறந்த இதய அறுவையில் மலேரியாவின் ஆபத்து இதயத்தில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது.

இதில் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிவப்பணு உடையும்போது உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் ரத்தத்தில் நேரடியாகக் கலக்கிறது. சாதாரண நாட்களில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் அதைப் பிடித்து அப்புறப்படுத்திவிடும். மலேரியா நோயாளியிடம் அந்தப் புரதம் ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். அதன் மேல் பம்ப் உடைக்கும் அணுக்களின் ஹீமோகுளோபினும் சேர்ந்தால் பிடிக்க ஆளில்லை. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குப் போய்ச் சேதம் செய்கிறது. கூடவே, ரத்தக்குழாய்களைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் உறிஞ்சிவிடுகிறது. நுரையீரல் குழாய்கள் இறுகி அங்கே அழுத்தம் கூடுகிறது. மைட்ரல் வால்வு சுருக்கம் உள்ளவருக்கு நுரையீரல் அழுத்தம் முன்பே அதிகம். வால்வைச் சரியாக மாற்றியிருந்தாலும் இதயத்தின் வலது பக்கம் திணறுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

அறுவைக்குப் போவதற்கு முன்னாலேயே காய்ச்சல் இந்த நோயாளிகளைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் வேண்டும். இதயம் நிதானமாகத் துடித்தால்தான் அந்த நேரம் கிடைக்கும். 103 டிகிரி காய்ச்சலில் நாடி 130-க்குப் போனால், ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலுக்குள் நீர் இறங்கிவிடும். ரத்தசோகையும் சேர்ந்தால் இதயம் இன்னும் வேகமாக ஓடும். அதனால் அடுத்த மாதம் செய்யலாம் என்று இருந்த அறுவையை இன்றிரவே செய்ய வேண்டிய கட்டத்துக்கு மலேரியா தள்ளிவிடலாம். இதய நோயாளி வீட்டில் காய்ச்சலை இரண்டு நாள் பார்ப்போம் என்று கசாயத்தோடு காத்திருப்பது இதனால்தான் தவறு.

ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; மூளை, சிறுநீரகம், இதயத் தசை என எங்கும் ஓட்டம் தடைபடும். உடம்பு சுடும்போது இந்த ஒட்டும் தன்மை கூடுகிறது. அறுவையின்போது உடலைக் குளிர்விப்பதால் ஒட்டுண்ணியின் வளர்ச்சி மந்தமாகும் என்பது உண்மைதான், ஆனால் சில மணி நேரத்தில் உடல் பழைய சூட்டுக்குத் திரும்பிவிடும். அந்தச் சில மணி நேரக் குளிர் மருந்தாகிவிடாது. ஹெப்பாரினைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு: ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைவதை அது ஆய்வகத்தில் தடுக்கிறது. கடும் மலேரியாவுக்கு அதை மருந்தாகவே ஒரு காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு ஆபத்தால் கைவிட்டார்கள்.

நம் கரையில் அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் வகை. இதைச் சாது மலேரியா என்று சொல்லிப் பழகிவிட்டோம். தட்டணுவைக் குறைப்பதில் வைவாக்ஸ் சளைத்ததல்ல. இந்தியாவிலேயே பிகானேர் மருத்துவர்கள் கடுமையான வைவாக்ஸ் நோயாளிகளைப் பதிவுசெய்து அந்தச் சாதுப் பட்டத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். மார்பெலும்பை அறுத்து மூடியவருக்குத் தட்டணு குறைவாக இருந்தால் நெஞ்சுக்குழியில் வைத்த குழாய் வழியே ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். சில சமயம் அதே இரவில் மறுபடி நெஞ்சைத் திறந்து பார்க்க நேரும்.

கல்லீரலில் உறங்குவது

வைவாக்ஸின் உண்மையான தந்திரம் வேறிடத்தில் இருக்கிறது. கொசு கடித்த பிறகு அது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பகுதி ரத்தத்துக்கு இறங்கிக் காய்ச்சலைத் தருகிறது. மறு பகுதி கல்லீரல் அணுக்களில் அசையாமல் கிடக்கிறது. வாரக்கணக்கில், சில வகைகள் எட்டு மாதம், ஒரு வருடம்கூடக் காத்திருந்து மறுபடி இறங்கும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதை மூன்று நாளில் அழித்துவிடும். உறங்குவதைத் தொடாது. அதற்கு ப்ரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும்.

இங்கேதான் கணக்கு தவறுகிறது. நான்காம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். படகு கிளம்பும் நாள் வந்துவிடும். பசித்த வயிற்றில் போட்டால் குமட்டுகிற மாத்திரையை நன்றாக இருப்பவர் எதற்குத் தின்பார்? மீனவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 14 நாள் மாத்திரையை நம்மில் எத்தனை பேர் ஒழுங்காக முடித்திருக்கிறோம்? ஆனால் விளைவு ஒன்றுதான்: ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, காய்ச்சல் இல்லை, உள்ளே சரக்கு இருக்கிறது.

இப்படியொருவர் மதுரையில் வால்வு மாற்றிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவைக்கு முன் எடுத்த ஸ்லைடும் சுத்தம். அறுவை நன்றாக நடக்கிறது. பத்தாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். அந்த வார்டில் காய்ச்சல் என்றால் முதலில் என்ன நினைப்பார்கள்? புது வால்வில் கிருமி பிடித்துவிட்டதா, மார்பெலும்புக் காயம் உள்ளே சீழ் வைத்துவிட்டதா, நுரையீரலில் சளியா, சிறுநீர்க் குழாய் வழியே தொற்றா, அல்லது இதய உறை அழற்சியா. இந்த வரிசை சரியானது; இவை எல்லாமே மலேரியாவைவிட அங்கே அதிகம் நேர்பவை. ஆகவே விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் தொடங்கும், மறுபடி எக்கோ, ஸ்கேன், இன்னும் பெரிய ஆன்டிபயாடிக். தட்டணு குறைந்தால் ஹெப்பாரின் ஒவ்வாமையா என்று ஒரு சந்தேகம், டெங்குவா என்று இன்னொன்று. வைவாக்ஸ் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று பாடத்தில் இருக்கும். பாரசிட்டமால் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் அந்த முறை தெரியவே தெரியாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும்.

மருத்துவர்களின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். மலேரியா குறையக் குறைய, அதைக் கண்ணால் பார்த்த மருத்துவர்களும் குறைகிறார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர் ஸ்லைடில் ஒட்டுண்ணியைக் கடைசியாகப் பார்த்தது கல்லூரி ஆய்வகத்தில் இருக்கலாம். ஒழிப்புத் திட்டம் வெற்றி பெறுவதற்கு இது ஒரு விலை. நோயாளியின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் மட்டுமே அவர் நினைவுக்கு அது வரும். அதனால்தான் முகவரியில் இராமேசுவரம், தங்கச்சிமடம், மண்டபம் என்று இருக்கும் ஒவ்வொரு இதய அறுவை நோயாளிக்கும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்லைடும் விரைவுச் சோதனையும் கட்டாயம் என்று வைக்கலாம் என்பது என் கருத்து. எக்கோ எடுக்க ஆகும் செலவின் முன் அது காசே இல்லை.

சோதனை முடிவைப் படிப்பதிலும் சூட்சுமம் உண்டு. விரைவுச் சோதனை அட்டை தேடுபவற்றில் ஒன்று ஃபால்சிபாரத்தின் ஒரு புரதம். ஒட்டுண்ணி செத்த பிறகும் சில வாரங்கள் அந்தப் புரதம் ரத்தத்தில் சுற்றும். போன மாதம் முழுமையாகச் சிகிச்சை பெற்றவருக்கும் அட்டையில் கோடு விழலாம். அதை வைத்து அறுவையை நிறுத்த வேண்டியதில்லை, நுண்ணோக்கியில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நேர்மாறாக, ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் அட்டையும் ஸ்லைடும் இரண்டுமே ஏமாற்றும். பழைய காய்ச்சலைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு இடத்திலும் உதவுகிறது.

ரத்தம் கொடுக்க வந்தவர்கள்

திறந்த இதய அறுவைக்கு உறவினர்கள் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். ஊரிலிருந்து வேன் பிடித்து வருபவர்கள் யார்? தம்பி, மச்சான், சித்தப்பா மகன், திடகாத்திரமான ஆட்கள், அதாவது மங்களூரு படகில் போய்வந்தவர்களே. குளிர்பெட்டியில் வைத்த ரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு அலகிலும் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை வைரஸ், சிபிலிஸ் ஆகியவற்றோடு மலேரியாவுக்கும் சோதனை செய்வது கட்டாயம். ஆனால் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் ஒட்டுண்ணியை எந்தச் சாதாரணச் சோதனையும் உறுதியாகப் பிடிக்காது. அதனால்தான் மலேரியா வந்தவர் முழுமையாகக் குணமாகி மூன்று மாதம் ஆகும்வரை ரத்தம் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. மாமாவின் உயிருக்கு நான்கு யூனிட் வேண்டும், வந்ததே நான்கு பேர் என்னும்போது ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடுகிறது. அன்பினால் செய்கிற இந்தப் பொய்யில் வரும் காய்ச்சல் அறுவைக்குப் பின் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் தலைகாட்டும். ஒரே ஓர் ஆறுதல்: ரத்தம் வழியே வந்த வைவாக்ஸ் கல்லீரலுக்குப் போகாது. அங்கே உறங்குவதும் இல்லை. ரத்தத்தில் உள்ளதை அழிக்கும் மருந்தே போதும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது

மலேரியா என்று தெரிந்துவிட்டது, மருந்தும் முடிந்தது. அறுவையை எப்போது செய்யலாம்? எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நாள்கணக்கு இல்லை. ஸ்லைடில் ஒட்டுண்ணி இல்லை என்பது முதல் படி. ஹீமோகுளோபினும் தட்டணுவும் மேலே வர வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இறங்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களிடம் இன்னொரு விஷயம் உண்டு: காய்ச்சல் தீர்ந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துச் சிலருக்குச் சிவப்பணுக்கள் மறுபடி உடையத் தொடங்கும். ஒட்டுண்ணி திரும்பவில்லை, முதலில் மருந்து தப்பவைத்த அணுக்கள் தாமதமாக அழிவதுதான் அது. அந்த நேரத்தில் இயந்திரத்தில் ஏற்றினால் ரத்தம் குறைவது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களுக்கு நான்கு வாரம் வரை ஹீமோகுளோபினை அவ்வப்போது பார்த்துக்கொண்டே நாள் குறிப்பது நல்லது.

வைவாக்ஸ் என்றால் ப்ரைமாகுயின் முழுவதையும் அறுவைக்கு முன்பே முடித்துவிடுவது அறிவுடைமை. அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அது குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரையே சிவப்பணுவை உடைக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கிடையாது. வால்வு சுருக்கம் கர்ப்பத்தில்தான் பலருக்கு வெளிப்படுகிறது என்று மேலே சொன்னேன். அவர்களுக்குப் பிரசவம்வரை வேறு திட்டம் வகுக்க வேண்டியிருக்கும்.

தள்ளிவைக்கவே முடியாத அறுவைகள் உண்டு. பெருந்தமனி கிழிந்தவர், வால்வு கிழிந்து நுரையீரலில் நீர் கோத்தவர், பொருத்திய வால்வில் ரத்தக்கட்டி அடைத்தவர். இவர்களிடம் மலேரியா முடியட்டும் என்று காத்திருந்தால் இதயம் காத்திருக்காது. நரம்பு வழியே ஆர்ட்டிசுனேட்டைத் தொடங்கிவிட்டு அறுவைக்குப் போகலாம். பழைய குயினைனைவிட இது இங்கே மிகவும் நல்லது. குயினைன் சர்க்கரையைத் திடீரென்று இறக்கும். மயக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்வை, தடுமாற்றம் எதுவும் தெரியாது. இதய அறுவைக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு நாடி தாறுமாறாகத் துடிக்கும், அதற்கு அமியோடரோன் கொடுப்பார்கள். குயினைன், குளோரோகுயின் இரண்டும் இதயத்தின் மின்னோட்ட இடைவெளியை நீட்டுபவை, அமியோடரோனும் அப்படியே. சேர்த்துக் கொடுத்தால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். இதில் முடிவு மயக்க மருத்துவர், அறுவை மருத்துவர், பொது மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து எடுப்பது.

வால்வோடு ஊர் திரும்பிய பிறகு

அறுவை முடிந்து ஊர் வந்துவிட்டால் மலேரியாவுக்கும் வால்வுக்கும் தொடர்பு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இன்னும் சொன்னால் அப்போதுதான் அது ஆயுள்காலப் பிரச்சினையாகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட ‘சித்ரா’ வால்வு, உலோக வால்வைக் குறைந்த விலையில் இந்திய நோயாளிகளுக்கு எட்டச் செய்தது. எந்த நிறுவனத்து உலோக வால்வானாலும் அதில் ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். மைட்ரல் வால்வு என்றால், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கு மலேரியா வந்தால் ரத்தம் உறைவதை ஒருபுறம் மாத்திரை தடுக்கிறது, மறுபுறம் தட்டணுவும் குறைகிறது. மூக்கிலோ மூளையிலோ கசிவதற்கு அது போதும். காய்ச்சலில் சாப்பாடு குறைந்தாலே ஐ.என்.ஆர். ஏறும், குயினைனும் டாக்சிசைக்ளினும் அதை மேலும் ஏற்றும், நாள்கணக்கில் முழு அளவு பாரசிட்டமால் சாப்பிட்டாலும் ஓரளவு ஏறும். மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் சின்ன அடியிலும் கிழியக்கூடியது. வலை இழுக்கும்போது படகின் விளிம்பில் விலா இடித்தாலும் அலட்சியம் கூடாது.

இன்னொரு பக்கம், செயற்கை வால்வு உள்ளவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் வால்வில் கிருமி பிடித்திருக்கலாம் என்ற சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். அதிலும் நடுக்கம், ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஸ்லைடில் மலேரியா தெரிந்தாலும் வால்வில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனவே ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் உள்ளே போவதற்கு முன் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட வேண்டும். அதே ஊசி இறங்கும்போதே ஸ்லைடும் எடுத்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்லைடுக்கு வசதி உண்டு; கல்ச்சருக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே போய்விட வேண்டும்.

நம் ஊர்களில் காய்ச்சல் என்றால் இடுப்பில் ஓர் ஊசி போட்டால்தான் நோயாளிக்குத் திருப்தி. ஐ.என்.ஆர். எகிறி, தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் தசையில் போடும் வலிநிவாரண ஊசி உள்ளே ரத்தம் கட்டிப் பெரிய வீக்கமாகும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளும் வேண்டாம். அவை தட்டணுவின் வேலையைத் தடுத்து வயிற்றிலும் கசிவைத் தொடங்கிவைக்கும். யார் சிகிச்சை தந்தாலும் முதல் வாக்கியமாக ‘உலோக வால்வு இருக்கிறது, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். பயந்துபோய் அந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் கூடாது, வால்வு அடைத்துக்கொள்ளும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. மலேரியா மருந்து முடிந்த வாரத்தில் ஐ.என்.ஆர். மறுபடி பார்த்து, மாத்திரை அளவைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகு படகேறலாம்.